பால்கனிக் கைப்பிடியின் கால்கள்

வீடு வாங்கும்போது பால்கனியைப் பார்க்காதவர் கிடையாது. அதன் கைப்பிடிக் கம்பியைப் பார்ப்பவர்களும் நிறைய உண்டு. பூவேலை நன்றாக இருக்கிறதா, வண்ணம் பொருந்துகிறதா, எவர்சில்வரா இரும்பா என்றெல்லாம் பார்ப்பார்கள். அந்தக் கம்பியைத் தாங்கும் கால்கள் தரையில் எப்படி ஊன்றியிருக்கின்றன என்று குனிந்து பார்த்தவர்களை என் நாற்பது வருடத் தொழிலில் விரல் விட்டு எண்ணிவிடலாம். கைப்பிடி உடைந்து விபத்து நேர்ந்த இடங்களில் நான் பார்த்த வரையில், மேலே இருந்த கம்பி அப்படியே இருந்தது. பெயர்ந்து வந்தது கால்தான்.

கட்டட வேலைகளைப் பற்றிய இந்தப் பகுதியில் இம்முறை அந்தக் கால்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மும்பையில் பழைய பிளாட்டுகளைப் புதுப்பிக்கும் அன்பர்கள் பலர் இருப்பதால் அவர்களுக்குப் பயன்படும்படி எழுதுகிறேன். டெல்லியிலும் பெங்களூரிலும் இருக்கும் உறவினர்களுக்கும் கணக்கு ஒன்றுதான். உப்புக் காற்று மட்டும் நமக்கென்று கூடுதலாக வாய்த்தது.

எவ்வளவு பாரம்?

"நாங்க ரெண்டு பேர்தானே சார், யார் போய் அதுல சாயப் போறா?" என்று கேட்பவர்கள் உண்டு. வருஷம் 364 நாள் அது சரி. கணபதி விசர்ஜன் அன்று மாலை என்ன ஆகிறது? தெருவில் மேளம் கேட்டதும் வீட்டிலுள்ளவர்கள், வந்த விருந்தாளிகள், எதிர் பிளாட்டுக் குழந்தைகள் எல்லாரும் பால்கனிக்கு வருகிறார்கள். முன்னால் நிற்பவர் கம்பியில் சாய, பின்னால் நிற்பவர் அவர் தோளில் சாய்கிறார். கைப்பிடி அந்த ஒரு மாலைக்காகத்தான் கட்டப்பட வேண்டும்.

இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 875, இரண்டாம் பாகம், 1987ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு ஓர் அளவு கொடுத்திருக்கிறது. பொதுப் பால்கனி, மொட்டை மாடிக் கைப்பிடிகளின் உச்சியில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 0.75 கிலோ நியூட்டன் பக்கவாட்டு விசை வரலாம் என்று கொள்ள வேண்டும். நமக்குப் புரியும் கணக்கில், மீட்டருக்கு ஏறக்குறைய 75 கிலோ. தியேட்டர், பள்ளிக்கூடம் போலக் கூட்டம் சேரும் இடங்களுக்கு இது 2.25 கிலோ நியூட்டன், அதாவது மூன்று மடங்கு. (நம் சங்கங்களில் மாடி அரங்கு வைத்திருப்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது.)

75 கிலோ என்பது பெரிய பாரமாகத் தோன்றாது. ஒரு ஆள் எடை, அவ்வளவுதான். ஆனால் அது எங்கே அழுத்துகிறது என்று பாருங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அழுத்துகிறது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய போல்ட்டோ தரையில் இருக்கிறது. கடப்பாரையின் நீண்ட முனையைக் கையால் அழுத்தினால் குட்டை முனை பாறாங்கல்லை நெம்பிவிடுகிறதே, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது.

கால்கள் ஒரு மீட்டருக்கு ஒன்று வீதம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு காலின் அடியிலும் 100 மி.மீ. சதுர இரும்புத் தகடு. மூலைக்கு ஒன்றாக நான்கு போல்ட். மேலே ஆள் வெளிப்பக்கம் சாய்ந்தால் தகட்டின் வெளி விளிம்பு தரையை அழுத்தும். உள்பக்கத்து இரண்டு போல்ட்டுகள் மேல்நோக்கி இழுபடும். அந்த போல்ட்டுக்கும் வெளி விளிம்புக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 80 மி.மீ. 75 கிலோவை ஒரு மீட்டரால் பெருக்கி 0.08ஆல் வகுத்தால் சுமார் 940 கிலோ வருகிறது. ஒரு போல்ட்டுக்கு 470 கிலோ! மேலே ஒருவர் சாய்ந்தால் கீழே ஏறத்தாழ ஒரு டன் இழுப்பு. இந்த ஒரு கணக்கு மனதில் பதிந்துவிட்டால் இந்தப் பாடத்தில் பாதி முடிந்தது.

தகட்டை 150 மி.மீ. ஆக்கினால், போல்ட்டிலிருந்து வெளி விளிம்பு 125 மி.மீ. தள்ளிப் போகிறது. இழுப்பு 600 கிலோவாகக் குறைகிறது; போல்ட்டுக்கு 300. தகட்டை 50 மி.மீ. பெரிதாக்க ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட இருக்காது. தகட்டின் கனம் 10 மி.மீ. இருக்கட்டும், மெல்லிய தகடு தானே வளைந்து, போல்ட் உறுதியாக இருந்தும் கால் ஆடும். கால்களுக்கு இடையே உள்ள தூரத்தை ஒன்றரை மீட்டர் ஆக்கினால் எல்லா எண்களும் ஒன்றரை மடங்காகும் என்பதையும் மறக்க வேண்டாம். பட்டறைக்காரர் இரும்பு மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான்.

போல்ட் எதைப் பிடித்திருக்கிறது?

சில வருடங்களுக்கு முன் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில், விசர்ஜன் நாளன்று, இரண்டாம் மாடி பால்கனியில் ஏழெட்டுப் பேர் கம்பியில் சாய்ந்து நின்றிருக்கிறார்கள். நடுக்கால் பெயர்ந்து கைப்பிடி ஒரு சாண் வெளியே சாய்ந்துவிட்டது. பக்கத்துச் சுவரில் பதித்திருந்த முனை பிடித்துக்கொண்டதால் யாரும் கீழே விழவில்லை. முன்வரிசையில் நின்றது ஆறு வயதுப் பெண். மறுநாள் சொசைட்டிக்காரர்கள் என்னை அழைத்துக் காட்டினார்கள். கழன்ற போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வளையவில்லை, மரை தேயவில்லை, புத்தம் புதிதாக இருந்தது. நீளம் 75 மி.மீ. அதில் நட்டும் தகடும் போக மீதி தரைக்குள். தரையில் மேலே டைல்ஸ், அதற்கடியில் ஒட்டுக் கலவை, இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 45 மி.மீ. ஆக உண்மையான கான்கிரீட்டுக்குள் போயிருந்தது அரை அங்குலம்தான்.

வீட்டுக்காரர் முந்தின வருடம்தான் டைல்ஸ் மாற்றியிருக்கிறார். பழைய தரையைக் கொத்தாமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டி, அதன் மேல் கைப்பிடியை நிறுத்தியிருக்கிறார்கள். போட்டவரைக் கேட்டால் "அசைத்துப் பாருங்கள், ஆடுகிறதா?" என்றாராம். போட்ட அன்று ஆடாது. டைல்ஸ் பளிச்சென்று பிடித்துக்கொள்ளும். இழுப்பு வரும்போது ஓடு போலப் பெயர்ந்து வரும்.

ஆகவே முதல் விதி: டைல்ஸ், பூச்சு, ஒட்டுக் கலவை இவற்றின் கனத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கால் நிற்கும் இடத்தில் டைல்ஸை வெட்டி எடுத்து, கலவையைக் கொத்தி, கான்கிரீட்டின் முகத்தைப் பார்த்த பிறகுதான் துளை போட வேண்டும். தகடு கான்கிரீட்டின் மேலேயே உட்காரட்டும். டைல்ஸைப் பிறகு சுற்றி ஒட்டிக்கொள்ளலாம்.

மொட்டை மாடியில் இது இன்னும் மோசம். மும்பையில் மொட்டை மாடிக்கு நீர்க்காப்பாகச் செங்கல் ஜல்லி போட்டு, 'பிரிக் பேட் கோபா' என்று நான்கைந்து அங்குலம் கனத்துக்குப் போடுவது வழக்கம். அதன் மேல் நிறுத்திய காலின் போல்ட் தளத்தைத் தொடக்கூட முடியாது; செங்கல் துண்டுகளுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, அந்தத் துளை வழியாக மழைத் தண்ணீர் இறங்கி மேல் மாடிக்காரர் கூரையில் படம் வரையும். மொட்டை மாடியில் தரையைத் தொடாமல், கைப்பிடிச் சுவரை ஆதாரமாகக் கொள்வதே முறை.

ஆனால் அந்தச் சுவரும் வெறும் அரைச் செங்கல் சுவராக இருந்தால், அதாவது நாலரை அங்குலக் கனமாக இருந்தால், அதன் தலையில் காலை நட்டுப் பயனில்லை. மேல் வரிசைச் செங்கல் நான்கைத் தூக்கிக்கொண்டு கால் போய்விடும். இப்போது வரும் இலேசான ஏ.ஏ.சி. பிளாக் செங்கலைவிடவும் குறைவாகத்தான் பிடிக்கும். சுவரின் தலையில் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். அந்தப் பட்டை இடையிடையே சின்னக் கான்கிரீட் தூண்களால் தளத்தோடு பிணைந்திருக்க வேண்டும். கால்கள் அந்தத் தூண்களுக்கு நேர் மேலே வந்தால் மிக நல்லது.

பால்கனியின் முதுகெலும்பு

சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். சற்று நிதானமாகப் படியுங்கள்.

அறையின் தளத்தில் இழுவிசை அடிப்பக்கம் வருகிறது. ஆகவே பிரதான இரும்புக் கம்பிகள் அடியில் இருக்கும். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் இது தலைகீழ். நீட்டிய கையின் மேல் ஒரு பையை வைத்தால் தோள்பட்டையின் மேல் தசைதானே இழுபடுகிறது? அதுபோல பால்கனித் தளத்தில் மேல்பக்கம் இழுபடுகிறது. பிரதான கம்பிகள் மேலே, கான்கிரீட்டின் முகத்திலிருந்து முக்கால் அங்குலம் ஒரு அங்குலத்துக்குள் படுத்திருக்கும். நாம் டிரில் போடப் போவது அங்கேதான்.

கான்கிரீட்டை எளிதாகத் துளைத்துக்கொண்டு போகும் டிரில் ஓரிடத்தில் நின்று கிறீச்சிட்டால் அது கம்பியைத் தொட்டுவிட்டது என்று பொருள். அங்கே நிறுத்திவிட வேண்டும். "சலேகா சாப், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்" என்பார் வேலைக்காரர். போய்விடும்தான், போவது பால்கனியைப் பிடித்துக்கொண்டிருக்கும் கம்பி. கைப்பிடியை உறுதியாக்கப் போய் பால்கனியையே பலவீனமாக்குவதில் என்ன இலாபம்? துளையை ஓர் அங்குலம் நகர்த்திப் போடுங்கள். தகட்டின் துளைகளை முன்கூட்டியே போட்டு வைக்காமல், கான்கிரீட்டில் துளை அமைந்த பிறகு தகட்டில் குறித்துப் போட்டால் இந்தச் சங்கடமே இல்லை. கம்பி எங்கே ஓடுகிறது என்று காட்டும் கருவியை வாடகைக்கு எடுத்துவர முடிந்தால் இன்னும் நல்லது.

பழைய கட்டடமானால், துளை போடுவதற்கு முன்பே சின்னச் சுத்தியால் தளத்தின் விளிம்பையும் அடிப்பக்கத்தையும் தட்டிக் கேளுங்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று சொல்லும். பொத்துப் பொத்தென்று ஒலித்தால், உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைப் பிளந்திருக்கிறது. அங்கே எந்த போல்ட்டும் நிற்காது. முதலில் பால்கனியைப் பழுது பார்க்க வேண்டும். மகாராஷ்டிர வீட்டு வசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகளின்படி 15 முதல் 30 வயதுவரை உள்ள கட்டடத்துக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறையும், 30ஐத் தாண்டியதற்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறையும் உறுதிச் சோதனை செய்ய வேண்டும். அந்த அறிக்கை உங்கள் சொசைட்டி அலுவலக அலமாரியில் இருக்கும். உங்கள் பால்கனியைப் பற்றி அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எந்த போல்ட், எந்த முறை?

கடையில் கிடைப்பது இரண்டு வகை. ஒன்று, முடுக்க முடுக்க விரிந்து துளையின் சுவரை நெருக்கிப் பிடிக்கும் வகை. நடுத்தளத்தில் இது நன்றாக வேலை செய்யும். பால்கனி விளிம்புக்கு இரண்டு அங்குலத்தில் இதைப் போட்டு முடுக்கினால், அந்த நெருக்கத்திலேயே விளிம்பு விரிந்து உதிரும். மற்றது, துளையில் ஒட்டுப்பசையைச் செலுத்தி மரைக்கம்பியைப் பதிக்கும் வகை. கெமிக்கல் ஆங்கர் என்று கேட்டால் கொடுப்பார்கள். இது பக்கவாட்டில் நெருக்குவதில்லை. ஆகவே விளிம்போரத்துக்கு இதுதான் ஏற்றது. விலை அதிகம்தான். ஒரு பால்கனிக்கு மொத்தம் நான்கைந்து கால். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஏற்றது என்றதற்காக விளிம்பிலேயே போடலாம் என்று அர்த்தமில்லை. விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். நான்கு அங்குலம் கிடைத்தால் நிம்மதி.

12 மி.மீ. மரைக்கம்பிக்கு 14 மி.மீ. துளை, கான்கிரீட்டுக்குள் 110 மி.மீ. ஆழம். துளைக்கு அடியில் மேலும் 30 மி.மீ. கான்கிரீட் மிச்சம் இருக்க வேண்டும் என்பதால், தளம் 140 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும். இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் தூசியால்தான். துளைக்குள் சிமெண்டுத் தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. ஊதுபம்பால் ஊதி, கம்பித் தூரிகையால் துலக்கி, மறுபடி ஊதி, மறுபடி துலக்கி, கடைசியாக ஒரு முறை ஊதிய பிறகே பசை. வாயால் ஊதினால் கண்ணில் விழும். எச்சில் ஈரமும் சேரும். பசையைத் துளையின் அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்பிக்கொண்டு வர வேண்டும். கம்பியைத் திருகியபடியே இறக்க, மேலே சிறிது பசை பிதுங்கி வந்தால் துளை நிரம்பியது என்று அறியலாம். இறுக எவ்வளவு நேரம் ஆகும் என்று டப்பாவில் வெப்பநிலைவாரியாக அச்சிட்டிருப்பார்கள். அதுவரை தொடக்கூடாது. வேலைக்காரர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்பார். மறுநாள் வந்து நட்டை முடுக்கட்டும்.

தளம் நான்கு அங்குலம்தான் என்றால் மேற்படி ஆழம் கிடைக்காது. அப்போது தளத்தை முழுவதும் துளைத்து, அடியிலும் ஒரு தகடு வைத்து நட்டுப் போடுவதே நல்ல வழி. கீழ்வீட்டுக்காரரின் கூரையில் தகடு தெரியும். அவரிடம் முன்னதாகச் சொல்லி, துளை வழியே தண்ணீர் இறங்காமல் அடைத்தும் கொடுங்கள்.

இன்னொரு வழி, விளிம்பில் உத்தரம் இருந்தால், அதன் வெளிமுகத்தில் காலைப் பக்கவாட்டாகப் பொருத்துவது. தகடு நின்றபடி இருக்கும். மேலே இரண்டு போல்ட், கீழே இரண்டு. மேல் போல்ட் தரைமட்டத்துக்கு 100 மி.மீ. கீழே, அங்கிருந்து தகட்டின் அடி விளிம்பு 200 மி.மீ. என்று வைத்தால், மேல் போல்ட் இரண்டும் சேர்ந்து சுமார் 490 கிலோ தாங்கினால் போதும், ஒன்றுக்கு 245. தரையில் தண்ணீர் தேங்கும் இடத்தில் துளையே கிடையாது, பால்கனியின் அகலமும் குறையாது. நான் சொன்னவற்றில் எனக்குப் பிடித்த முறை இது. சாரம் கட்ட வேண்டியிருக்கும் என்பதால்தான் பலர் ஒப்புவதில்லை.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. கான்கிரீட் போடும் முன்பே, கொக்கிக் கம்பிகள் பற்றவைத்த தகடுகளைக் கால் வரும் இடங்களில் தளத்துக் கம்பியோடு கட்டிவிடலாம். அல்லது விளிம்பு நெடுக ஆறு அங்குலத்துக்கு ஆறு அங்குலம் கான்கிரீட் கட்டையைத் தளத்தோடு சேர்த்து வார்த்துவிடலாம். பூந்தொட்டியின் தண்ணீரும் குழந்தையின் பொம்மையும் கீழே போகாமல் அது தடுக்கும். பழைய பால்கனியில் இந்தக் கட்டையை ஏற்றும் ஆசை வந்தால், அது மீட்டருக்கு 56 கிலோ எடை என்பதையும், அந்த எடை பால்கனியின் நுனியில் உட்காருகிறது என்பதையும் நினைத்து, பொறியாளரைக் கேட்டுச் செய்யுங்கள்.

காலின் கனம்

அடி உறுதியானால் அடுத்து கால் வளையாமல் நிற்க வேண்டும். 40 மி.மீ. சதுரக் குழாய், 3 மி.மீ. கனம்: ஒரு மீட்டர் உயரம், ஒரு மீட்டர் இடைவெளிக்கு இது சரியாகத் தாங்கும். வட்டக் குழாயானால் ஒன்றரை அங்குல மீடியம் வகை. சந்தையில் பலரும் போடும் 25 மி.மீ. சதுர, 1.2 மி.மீ. மெல்லிய குழாய்க்கு அதில் ஆறில் ஒரு பங்குதான் பலம். குறுக்குக் கம்பிக்கு அது போதும், காலுக்கு ஆகாது. கெட்டி இரும்பு என்பதால் 25 மி.மீ. சதுரத் தண்டு போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. எடை நிறைய இருந்தாலும் 40 மி.மீ. குழாயின் பலத்தில் பாதிதான் அதற்கு. கிலோ கணக்கில் விலை பேசும்போது இது நினைவிருக்கட்டும்.

தரைக்குழியில் காலை நட்டுச் சிமெண்டால் அடைப்பதும் வழக்கத்தில் இருக்கிறது. துருப்பிடித்த இரும்பு முன்னிருந்த இடத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்தே அது சிமெண்டைப் பிளக்கும். காலின் அடியைச் சுற்றிக் கலவையை மேடாக்கி, தண்ணீர் வெளியே ஓடும்படி வாட்டம் கொடுத்தால் ஆயுள் நீடிக்கும். குழாயின் தலையை மூடியிருக்க வேண்டும். அடியில் சின்னத் துளை ஒன்று இருந்தால் உள்ளே சேரும் நீர் வடியும். சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு நம் ஊர்க் காற்றுக்கு மிக ஏற்றது. பற்றவைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும். அங்கே துத்தநாகம் மிகுந்த பிரைமரைத் தடவாமல் விட்டால் முதல் மழையிலேயே செம்மஞ்சள் கோடு இறங்கும்.

எவர்சில்வர் போடுகிறவர்கள் ரகத்தைக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். 202 என்ற ரகமும் 304 என்ற ரகமும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். காந்தம் வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் 304கூடப் பழுப்புக் கறை பிடிக்கும். அங்கே 316 ரகம் வேண்டும்.

உயரமும் இடைவெளியும்

உயரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டட விதிகளில் பொதுவாக 1 மீட்டருக்குக் குறையாமல் 1.2 மீட்டருக்கு மிகாமல் என்று இருக்கும். உயரமான ஆணுக்கு உடலின் எடை மையம் ஏறத்தாழ ஒரு மீட்டரில் இருக்கிறது. கைப்பிடி அதற்குக் கீழே போனால் ஆள் கவிழ்ந்துவிடுவார். ஆகவே 1.1 மீட்டர் வையுங்கள். அளப்பது முடிந்த தரையிலிருந்து. பழைய டைல்ஸ் மேல் புது டைல்ஸ் போட்டால் கைப்பிடி இரண்டங்குலம் குட்டையாகிவிடுகிறது என்பது பலருக்குத் தோன்றுவதேயில்லை.

கம்பிகள் நெட்டுக்குத்தாக இருக்கட்டும், இடைவெளி 100 மி.மீ.க்கு மேல் வேண்டாம். படுக்கைக் கம்பிகள் பார்க்க நவீனமாக இருக்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஏணி. கம்பியருகில் மோடா, பூந்தொட்டி, பழைய பத்திரிகைக் கட்டு எது வைத்தாலும் அதுவும் ஏணியே.

அமெரிக்காவில் மகன், மகள் வீட்டுக்குப் போய்வந்த அன்பர்கள் வீட்டின் பின்புறம் மரத்தால் கட்டிய 'டெக்' என்ற மேடையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே உள்ள வீட்டுக் கட்டட விதிப்படி கைப்பிடியின் எந்த இடத்திலும் 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ விசையைத் தாங்க வேண்டும். மரக்காலை விளிம்புப் பலகையோடு மட்டும் போல்ட் போட்டு நிறுத்தினால், கால் உறுதியாக இருக்க, பலகையே மேடையிலிருந்து பிய்ந்து வருகிறது என்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். மேல் போல்ட்டை ஓர் இரும்புப் பட்டையால் உள்ளே ஓடும் குறுக்குச் சட்டத்தோடு இழுத்துக் கட்டினால்தான் நிற்கிறது. மரமானாலும் கான்கிரீட்டானாலும் கடப்பாரைக் கணக்கு மாறவில்லை, பாருங்கள்.

வேலை முடிந்ததும்

பணத்தைக் கொடுப்பதற்கு முன் இரண்டு சோதனை. கெமிக்கல் ஆங்கர் விற்கும் பெரிய கடைக்காரர்கள் போல்ட்டை இழுத்துப் பார்க்கும் கருவி வைத்திருக்கிறார்கள். காலை நிறுத்துவதற்கு முன்பே ஒரு போல்ட்டை 500 கிலோ வரை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். கால்கள் நின்ற பிறகு, உச்சியில் கயிறு கட்டி, நடுவில் கொக்கித் தராசு மாட்டி, இரண்டு பேராக உள்பக்கம் 75 கிலோ வரை இழுங்கள். உள்ளே இழுப்பதால் யாருக்கும் ஆபத்தில்லை. இழுக்கும்போது மேலே பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். குழாய் சற்றே வளைந்து, விட்டதும் திரும்பி நின்றால் குற்றமில்லை. தகட்டுக்கும் தரைக்கும் நடுவே தாள் நுழையும் அளவு இடைவெளி திறந்தாலும் அந்தக் காலை மறுபடி போடச் சொல்லுங்கள்.

பிறகு வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்து விசர்ஜன் கூட்டம் வருவதற்கு முன் பார்க்க முடியாது. விசர்ஜன் மழையோடேதான் வருகிறது. ஆகவே மே மாதத்தில் பாருங்கள். நட்டுகளை ஸ்பானரால் தொட்டுப் பாருங்கள், அடியில் துருக் கோடு இருக்கிறதா, டைல்ஸில் முடிவிரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். அரை மணி நேர வேலை.

மதிப்பீட்டுத் தாளில் "ரெயிலிங், அடி இவ்வளவு ரூபாய்" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். காலின் அளவும் கனமும், கால்களின் இடைவெளி, தகட்டின் அளவு, போல்ட்டின் வகை, கான்கிரீட்டுக்குள் ஆழம், உயரம், பூச்சு இவ்வளவும் அதில் இருக்கட்டும். பட்டறைக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. கேட்டால் செய்து கொடுக்கிறார்கள், கேட்காவிட்டால் வழக்கம்போல் செய்கிறார்கள்.

சன்னல் கிரில்லைப் பற்றியும், தீ விபத்தின்போது வெளியே வர அதில் திறப்பு வைப்பது பற்றியும் கேட்டிருந்த சகோதரிகளுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன்.